கேட்பவருக்கு வெட்கம் ஏன்? சொல்பவருக்குக் கோபம் ஏன்?

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். அங்கே டூசான் என்று ஒரு நகரம். நகரத்துக்குத் தென்மேற்கே கிட் பீக் என்று ஒரு மலை.

அந்த மலை மேல் ஒரு ரேடியோ டெலஸ்கோப் இருந்தது. அதன் வட்டத் தட்டு 36 அடி அகலம். வானத்தில் இருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பது அதன் வேலை.

1971-ம் ஆண்டில் அந்த டெலஸ்கோப்பை ஆட்டி வைத்தவை இரண்டு சின்னக் கம்ப்யூட்டர்கள். ஒன்றின் நினைவுக் கிடங்கு 16 கிலோபைட். மற்றதற்கு 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவை வைக்க இந்த இரண்டும் சேர்ந்தாலும் இடம் போதாது!

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை வேலைக்கு வைத்தார்கள். பகுதி நேர வேலைதான். அவர் பெயர் எலிசபெத் ராதர்.

வந்து பார்த்தார். திகைத்துப் போனார்.

ஏன்? கம்ப்யூட்டர்களுக்குக் கட்டளை இடும் மொழி, அவர் கேள்விப்படாத மொழியாக இருந்தது. ஊர் உலகத்தில் யாருக்கும் தெரியாத மொழி. சார்லஸ் மூர் என்ற ஒரே ஒரு மனிதர் தாமே உண்டாக்கிய மொழி. படித்துத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் கிடையாது. மூருக்குக் காய்ச்சல் வந்தால் டெலஸ்கோப்புக்கும் காய்ச்சல்!

இதை முதலில் நிறுத்த வேண்டும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு மொழியில் திரும்ப எழுத வேண்டும் என்றுதான் ராதருக்குத் தோன்றியது. அதில் தவறு இல்லை. பொறுப்பு உள்ள யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் திரும்ப எழுத நேரமும் இல்லை, பணமும் இல்லை.

எனவே அவர் வேறு ஒரு காரியம் செய்தார். மொழியைத் தாம் கற்றார். மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். கற்றதை எழுதி வைத்தார். 1972-ல் அந்த மொழிக்கு முதல் கையேடு பிறந்தது.

இரண்டு மாதத்தில் அவர் மனம் மாறியது. அவருடைய மற்ற வேலை பெரிய பெரிய கம்ப்யூட்டர்களோடு. வாரம் முழுவதும் அவற்றில் முடிந்ததைவிட, வாரத்தில் சில மணி நேரம் இந்தச் சின்ன யந்திரங்களில் அதிகம் முடிந்தது. 1973-ல் மூரும் அவரும் சேர்ந்து இந்த மொழிக்காக ஒரு கம்பெனியே தொடங்கினார்கள்.

அந்த மொழியின் பெயர் "ஃபோர்த்".

50 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் ராதரின் முதல் நாள் திகைப்பு தீர்ந்தபாடில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரும் அதே திகைப்போடு வருகிறார்கள். "ஐயா, ஒன்றும் புரியவில்லை, கொஞ்சம் உதவுங்கள்" என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்குப் பல நேரங்களில் கிடைக்கும் பதில்தான் சரியாக இல்லை.

தட்டு அடுக்கு

"கம்ப்யூட்டர் மொழியா? அது படித்தவர்கள் சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஃபோர்த் மொழியின் அடிப்படை உங்கள் சமையல் அறையில் இருக்கிறது.

சாப்பிடும் தட்டுகளைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறீர்கள். கடைசியாக வைத்த தட்டு மேலே இருக்கும். எடுக்கும்போது அதுதான் முதலில் வரும். அடியில் இருக்கும் தட்டு வேண்டும் என்றால் மேலே உள்ளவற்றை எடுத்தாக வேண்டும்.

அவ்வளவுதான்! ஃபோர்த் மொழியில் எண்களை இப்படித்தான் அடுக்குகிறார்கள். 3 என்று எழுதினால் ஒரு தட்டு. 4 என்று எழுதினால் அதன்மேல் இன்னொரு தட்டு. பிறகு கூட்டல் குறி போட்டால், மேலே உள்ள இரண்டு தட்டுகளையும் கம்ப்யூட்டர் எடுத்துவிடும். அவற்றைக் கூட்டி, 7 என்ற ஒரே தட்டை வைக்கும்.

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதுவது "3 + 4". ஃபோர்த் மொழியில் எழுதுவது "3 4 +". எண்கள் முன்னால், வேலை பின்னால்.

இது வெள்ளைக்காரர்களுக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. அவர்களுடைய பேச்சில் "கூட்டு" என்பது முதலில் வரும். எண்கள் பிறகு வரும். தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "மூன்றையும் நான்கையும் கூட்டு" என்கிறோம். வினை கடைசியில்தான் வருகிறது. நம் வீட்டுப் பாட்டிக்கு இந்த மொழியின் வரிசை ஆங்கிலப் புரொபசரைவிடச் சுலபமாகப் பிடிபடலாம்!

இந்தத் தலைகீழ் வரிசைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. போலந்து நாட்டில் யான் லூக்காசியேவிச் என்று ஒரு தர்க்க அறிஞர் இருந்தார். கூட்டல், கழித்தல் குறிகளை எண்களுக்கு முன்னால் எழுதினால் அடைப்புக்குறியே தேவைப்படாது என்று 1920-களில் அவர் காட்டினார். அதையே திருப்பிப் போட்டுக் குறிகளைப் பின்னால் வைத்தார்கள் பிற்காலத்தார். 1972-ல் ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனி வெளியிட்ட சட்டைப்பைக் கணக்கு யந்திரமும் இந்த முறையில் வேலை செய்தது. விலை 395 டாலர். என்ஜினீயர்கள் அதைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

ஃபோர்த் என்ற பெயருக்கும் ஒரு வேடிக்கை உண்டு. இது நான்காம் தலைமுறைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி என்று மூர் நினைத்தார். ஆங்கிலத்தில் "நான்காவது" என்பதற்கு ஆறு எழுத்து. அவர் வேலை பார்த்த ஐ.பி.எம். 1130 யந்திரமோ ஐந்து எழுத்துக்குமேல் பெயர் வைக்க விடவில்லை. ஓர் எழுத்தை வெட்டினார். குறைப் பெயரே நிலைத்துவிட்டது.

மைனஸ் வட்டி!

சரி, சுலபமான மொழி என்றால் ஏன் இத்தனை பேர் உதவி கேட்டு அலைகிறார்கள்?

ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். பழைய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சரி செய்து ஃபோர்த் கற்கிறார். வட்டிக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. அசல் 1,000 டாலர், வட்டி 12 சதவீதம். "1000 12 * 100 /" என்று எழுதுகிறார். நட்சத்திரக் குறி என்றால் பெருக்கு. சாய்கோடு என்றால் வகு. விடை 120. மிகவும் சரி.

அசலை 5,000 ஆக்குகிறார். விடை 600 வர வேண்டும். கம்ப்யூட்டர் காட்டுவது மைனஸ் 55!

கடன் கொடுத்தவர் வட்டியும் கொடுக்க வேண்டுமாம்!

மாணவர் தம் நண்பரிடம் ஓடுகிறார். நண்பரிடமும் ஃபோர்த் இருக்கிறது. அவர் அதே கணக்கைப் போடுகிறார். அங்கே வருவது மைனஸ் 56.

தலை சுற்றுகிறது அல்லவா? ஆனால் இரண்டு யந்திரமும் பழுது இல்லை. விஷயம் இதுதான்.

அந்தக் காலத்துச் சின்னக் கம்ப்யூட்டர்களில் ஒரு தட்டில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேலே போனால், காரில் ஓடிய தூரம் காட்டும் மீட்டர் 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல, எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். 5,000-ஐ 12-ஆல் பெருக்கினால் 60,000. தட்டு தாங்கவில்லை. அது மைனஸ் 5,536 ஆகிவிட்டது. அதை 100-ஆல் வகுத்தால் மைனஸ் 55-ம் கொஞ்சமும்.

அந்தக் "கொஞ்சம்" என்ன ஆவது? ஃபோர்த் மொழிக்கு 1979-ல் ஒரு விதி வகுத்தார்கள். 1983-ல் இன்னொரு விதி வகுத்தார்கள். முதல் விதிப்படி, கொஞ்சத்தை வெட்டி எறிந்து மைனஸ் 55 என்று சொல்ல வேண்டும். இரண்டாவது விதிப்படி, ஒரு படி கீழே இறங்கி மைனஸ் 56 என்று சொல்ல வேண்டும். மாணவரிடம் இருப்பது ஒன்று. நண்பரிடம் இருப்பது மற்றொன்று. 1994-ல் அமெரிக்க நாட்டுத் தர விதி ஒன்று வந்தது. அது இரண்டில் எதைச் செய்தாலும் சரி என்று விட்டுவிட்டது!

இன்னும் கேளுங்கள். "ஆம், உண்மை" என்பதைக் குறிக்க 1979 விதியில் 1 என்ற எண். 1983 விதியில் மைனஸ் 1. உண்மைக்கே இரண்டு முகம்!

ஓட்டை ஓர் இடம், ஒழுகுவது ஓர் இடம்

வேறொரு தொல்லை இதைவிடப் பெரியது.

ஒரு வேலை முடிந்ததும் ஒரு தட்டைத் தவறுதலாக அடுக்கின்மேல் விட்டுவிட்டார் என்று வையுங்கள். உடனே ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் கண்டிக்காது. அடுத்த வேலை வந்து, மேலே இருக்கும் அந்தத் தவறான தட்டை எடுத்துக்கொண்டு, வெகு சமர்த்தாகத் தப்புக் கணக்குப் போடும். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டே வந்து, எங்கோ தொலைவில் யந்திரம் ஸ்தம்பித்து நிற்கும்.

கூரையில் ஓட்டை ஓர் இடம், தண்ணீர் சொட்டுவது வேறு இடம் என்பதுபோல!

மற்ற மொழிகளில் சில காவல்காரர்கள் உண்டு. "இது எண், இது எழுத்து, இரண்டையும் கூட்டாதே" என்று தடுப்பார்கள். ஃபோர்த் மொழியில் காவல் கிடையாது. தட்டில் இருப்பது பணமா, வயதா, எழுத்தா என்று அது கேட்காது. மூர் வேண்டும் என்றேதான் அப்படி வைத்தார். காவல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்த 16 கிலோபைட்டில் இடம் ஏது?

இன்னொன்று. ஃபோர்த் மொழியில் புரோகிராம் எழுதுவது என்றால் புதுப் புது வார்த்தைகளை உண்டாக்குவது. "வட்டி" என்று ஒரு வார்த்தை. அதை வைத்து "தவணை" என்று ஒரு வார்த்தை. இப்படியே அவரவர் அகராதி வளரும். பத்து நாள் போனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாத தனி பாஷை ஆகிவிடும். அதனால்தான் உதவி கேட்பவரும் திண்டாடுகிறார், உதவ வருபவரும் திண்டாடுகிறார்.

நான்கு பதில்கள்

மைனஸ் வட்டி வந்த மாணவர், அனுபவசாலிகளிடம் போகிறார். என்ன பதில் கிடைக்கும்?

ஒருவர், "நட்சத்திரத்தையும் சாய்கோட்டையும் சேர்த்துப் போடு, போ" என்பார். இது சரியான பதில். அந்த இரண்டு குறியும் சேர்ந்தது ஃபோர்த் மொழியில் ஒரே வார்த்தை. அது பெருக்கியதை இரட்டைத் தட்டில் தாங்கிப் பிடித்து, பிறகு வகுக்கும். "5000 12 100 */" என்று எழுதினால் 600 வந்துவிடும். ஆனால் ஏன் வந்தது என்று மாணவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேறு கணக்கில் அதே பள்ளத்தில் விழுவார்.

இன்னொருவர், "உன் புரோகிராமைச் சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பிரித்து எழுது, தானாகச் சரியாகிவிடும்" என்பார். இதுவும் உண்மையே. ஃபோர்த் எழுதத் தெரிந்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அடுப்பில் பால் பொங்கும்போது சமையல் அறையை எப்படிக் கட்டவேண்டும் என்று பிரசங்கம் செய்யலாமா?

மூன்றாமவர், "இப்படி ஒரு கணக்கை ஏன் போடுகிறாய்?" என்பார். வேண்டாம், அவரை விட்டுவிடுவோம்.

நான்காமவர்தான் பெரிய பேர்வழி. "உனக்கென்று ஒரு ஃபோர்த் மொழியை நீயே உண்டாக்கு, அப்போது எல்லாம் விளங்கும்" என்பார்! சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடு என்றால் சைக்கிள் செய்யச் சொல்வதுபோல. இதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஃபோர்த் அவ்வளவு சின்ன மொழி. ஒரே மனிதர் உட்கார்ந்து ஒரு முழு ஃபோர்த் செய்துவிட முடியும். எத்தனையோ பேர் செய்தும் இருக்கிறார்கள். அதனால்தான் எத்தனையோ ஃபோர்த்!

இந்த நான்கு பேரும் கெட்டவர்கள் அல்ல. கஷ்டப்பட்டுக் கற்றவர்கள். யாரும் கற்றுத் தராமல் தாமே முட்டி மோதிக் கற்றவர்கள். அதில் ஒரு பெருமை. "நாம் பட்டோம், இவனும் படட்டும்" என்ற எண்ணம் அந்தப் பெருமைக்குள் ஒளிந்திருக்கிறது. மாமியார் பட்ட பாட்டை மருமகளும் பட வேண்டும் என்பதுபோல.

ஆனால் வாசலில் வந்து நிற்பவர்கள் லட்சக்கணக்கில் இல்லை. பெரிய மொழிகளைக் கற்க வருபவர்களில் பத்துப் பேரை விரட்டினால் நூறு பேர் வருவார்கள். ஃபோர்த் போன்ற சின்ன மொழிக்கு வருபவர் ஒருவர். அவரை விரட்டினால் அந்த ஒருவரும் போய்விடுவார்.

சமையல் புத்தகம் செய்த வேலை

"அடுக்கு மொழி என்றாலே கஷ்டம்தான், நாங்கள் என்ன செய்வது?" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தச் சாக்கு செல்லாது.

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்று இரண்டு பேர். அடோபி என்ற கம்பெனியைத் தொடங்கியவர்கள். பக்கங்களை அச்சிடும் யந்திரத்துக்காக 1984-ல் ஒரு மொழியை வெளியிட்டார்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று பெயர். அதுவும் தட்டு அடுக்கு மொழிதான்! அதிலும் எண்கள் முன்னால், வேலை பின்னால்.

அடுத்த ஆண்டே, 1985-ல், நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். பெயரிலேயே "சமையல் புத்தகம்" என்று போட்டார்கள். கோடு போடுவது எப்படி, வட்டம் போடுவது எப்படி, எழுத்தை வளைப்பது எப்படி என்று செய்து காட்டும் புத்தகம். பத்திரிகை உலகத்துக்கே போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தது. அந்த மொழியில் பெரும்பகுதியை மனிதர் எழுதவில்லை, வேறு புரோகிராம்களே எழுதித் தந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கையால் எழுத விரும்பியவருக்குக் கைப்பிடித்துக் காட்ட ஒரு புத்தகம் இருந்தது.

ஃபோர்த் மொழிக்கும் அப்படி ஒரு நல்ல காலம் வந்தது. 1978-ல் கலிபோர்னியாவில் சில ஆர்வலர்கள் ஃபோர்த் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பலவிதச் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கும் ஏற்ற ஃபோர்த் மொழியைக் காகிதத்தில் அச்சிட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். வாங்கியவர் அதைத் தம் கையால் யந்திரத்தில் தட்டி ஏற்ற வேண்டும். ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

1981-ல் லியோ பிராடி என்பவர் ஃபோர்த் தொடக்கப் புத்தகம் ஒன்றை எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் கேலிச்சித்திரம்! பயந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கற்றார்கள். இன்றும் ஃபோர்த் கற்க வருபவர் கையில் முதலில் கொடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான். 40 ஆண்டுக்கு மேலாக ஒரு புத்தகம் நிற்கிறது என்றால், பொறுமையாகச் சொல்லும் குரலுக்கு எவ்வளவு பசி இருந்தது என்று தெரியவில்லையா?

அதுவும் இப்போது ஒரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. புத்தகம் பழையது. புதிய ஃபோர்த் யந்திரங்களில் சில உதாரணங்கள் அப்படியே ஓடாது. புதியவர் தம்மைத்தான் நொந்துகொள்கிறார். "பிழை உன்மேல் இல்லை, தம்பி. விதி மாறிவிட்டது" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரிக்குத்தான் பஞ்சம்.

கேட்பவருக்கும் கடமை உண்டு

எல்லாப் பழியையும் பெரியவர்கள்மேல் போடுவது நியாயம் அல்ல.

உதவி கேட்பவர்களில் சிலர் கேட்கும் விதம் இருக்கிறதே! "என் புரோகிராம் ஓடவில்லை. ஏன்?" என்று ஒரே வரி. டாக்டரிடம் போய், "வலிக்கிறது, மருந்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? தலை வலியா, கால் வலியா? இன்னும் சிலர் கல்லூரியில் கொடுத்த வீட்டுக் கணக்கை அப்படியே கொண்டுவந்து, "நாளைக் காலைக்குள் வேண்டும்" என்று நீட்டுகிறார்கள். பதில் சொல்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். கோபம் வரத்தான் செய்யும்.

ஃபோர்த் எழுதுபவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு புதிய வார்த்தைக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு எழுதுவார்கள். இந்த வேலை தொடங்கும் முன் அடுக்கில் என்ன இருந்தது, முடிந்த பின் என்ன இருக்கும் என்ற குறிப்பு. நடுவில் இரண்டு சின்னக் கோடு. வட்டிக் கணக்குக்கு "அசல், சதவீதம் -- வட்டி" என்று எழுதினால் போதும். இரண்டு தட்டு எடுத்து ஒரு தட்டு வைக்கும் வேலை என்று பார்த்தவுடன் விளங்கிவிடும்.

உதவி கேட்கப் போகும் முன் இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டு போக வேண்டும். எந்த ஃபோர்த், எந்த ஆண்டு விதி என்று சொல்ல வேண்டும். என்ன விடை எதிர்பார்த்தார், என்ன விடை வந்தது என்று சொல்ல வேண்டும். மூன்றும் சொன்னால், எப்பேர்ப்பட்ட முன்கோபக்காரரும் நின்று பதில் சொல்லுவார்.

அப்படிச் சொன்ன பிறகும் திட்டுகிறவர் திட்டினால், குற்றம் திட்டியவர்மேல்தான்.

51 கோடி கிலோமீட்டர் தூரத்தில்

"ஏதோ ஒரு பழைய மொழி. தெரிந்தவர்கள் குறைந்தால் குறையட்டுமே, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம்.

2014-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி. பூமியில் இருந்து சுமார் 51 கோடி கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வால் நட்சத்திரம். அதன்மேல் ஒரு சின்னக் கலம் இறங்கியது. ஃபிலே என்பது அதன் பெயர். வால் நட்சத்திரத்தின்மேல் மனிதன் செய்த பொருள் ஒன்று மெதுவாக இறங்கியது அதுவே முதல் தடவை. இறங்கியது, துள்ளியது, மறுபடி விழுந்தது, பிறகு பேசியது. உலகமே பார்த்து மகிழ்ந்தது.

அந்தக் கலத்துக்கு மூளையாக இருந்தது ஓர் அடுக்குச் சில்லு. ஃபோர்த் மொழிக்கென்றே வடிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தது.

ரோசெட்டா என்ற தாய்க் கலம் ஃபிலேயைச் சுமந்துகொண்டு 2004 மார்ச் மாதத்தில் பூமியை விட்டுப் புறப்பட்டது. இறங்கியது 2014-ல். நடுவில் 10 ஆண்டுகள்! புறப்படும் முன் எழுதி வைத்ததை, 10 ஆண்டு கழித்து ஒருவர் எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதியவர் ஓய்வு பெற்றிருக்கலாம். வேறு ஊர் போயிருக்கலாம். அந்த இடத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வித்தை என்ன உதவி செய்யும்?

1971-ல் எலிசபெத் ராதர் கண்டு திகைத்த ஆபத்து இதுவேதான். ஒரே மனிதர் தலைக்குள் ஒரு டெலஸ்கோப்! அவர் கையேடு எழுதினார். கற்றுக் கொடுத்தார். அதனால்தான் ஃபோர்த் அந்த மலையை விட்டு இறங்கி உலகத்துக்கு வந்தது. மூர் மகா மேதை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேதை உண்டாக்கியதை ஊருக்குக் கொண்டுவந்தது ராதர் எடுத்த அந்தச் சிரமம். ஃபோர்த் பற்றிப் பேசும்போது மூரைப் புகழ்பவர்கள் பலர். ராதர் செய்ததைத் தாமும் செய்பவர்கள் சிலர்.

அந்தச் சிலர் இன்றும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஃபோர்த் ஆர்வலர்கள் மாதந்தோறும் நான்காவது சனிக்கிழமை கூடுவது வழக்கம். மொழியின் பெயரே "நான்காவது" அல்லவா! நரைத்த தலைகள் பல. இளைஞர் யாராவது வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் நாற்காலி போட வேண்டும்.

இதில் அந்த மொழியையே ஆசிரியராகக் கொள்ளலாம். தெரியாத ஒரு வார்த்தையைத் தட்டினால் பல ஃபோர்த் யந்திரங்கள் என்ன செய்யும் தெரியுமா? திட்டாது. பிரசங்கம் செய்யாது. அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். "இது என்ன?" என்று கேட்பதுபோல. புரிந்துவிட்டாலோ, வேலையை முடித்துவிட்டு ஒரே வார்த்தை சொல்லும்.

நம் மாணவரிடம் யாரோ ஒருவர் பத்து நிமிஷம் உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு எவ்வளவு தாங்கும் என்று சொன்னார். காகிதத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டினார். 60,000 எந்த இடத்தில் வழிந்தது என்று மாணவரே விரல் வைத்துக் காட்டினார். திரும்பப் போய், "5000 12 100 */" என்று தட்டினார். புள்ளி ஒன்று வைத்தார். புள்ளி வைத்தால் மேல் தட்டைக் காட்டு என்று பொருள்.

யந்திரம் 600 என்று காட்டியது. பக்கத்தில், "ஓ.கே." என்றது.